மிளகாய் எத்தனை, பூ?

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ஜகார்த்தாவில் நான் மதியம் என்ன சாப்பிடுகிறேன் என்று ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அலுவலகக் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு சந்து, சந்து முழுக்கத் தள்ளுவண்டிகள், மணி 12 அடித்ததும் லிஃப்டில் இறங்கி அங்கே போய் நின்றுவிடுவேன். நான் சைவம், காடோ-காடோ என்ற காய்கறிக் கலவையும் தெம்பே என்ற சோயாப் பாளமும்தான் என் சாப்பாடு என்றும் சொல்லியிருந்தேன். இவ்வளவுதான் எழுதினேன். அதற்கு இத்தனை கேள்விகளா! 19 வருஷமாக இந்த ஊரில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவளைப் பிடித்துச் சமையல் நிபுணி ஆக்கிவிட்டீர்கள். தின்று தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

நீங்கள் சைவம் என்று எழுதியிருந்தீர்கள். இந்தோனேசியாவில், அதுவும் தெருவில், சைவமா? நம்பும்படி இல்லையே!
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

முதல் மாதம் நானும் நம்பவில்லை, ஐயா. திருவாரூரில் வெங்காயம்கூட நாள் பார்த்துச் சேர்க்கிற வீட்டில் பிறந்தவள். வந்த புதிதில் ‘தீடாக் மாக்கான் டாகிங்’ என்று ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். ‘கறி சாப்பிட மாட்டேன்’ என்று அர்த்தம். வண்டிக்காரர் புன்னகையோடு தலையாட்டினார். கிண்ணம் வந்தது. மேலே பிய்த்துப் போட்ட கோழி.

அவர் மேல் தப்பே இல்லை. இங்கே ‘டாகிங்’ என்று பொதுவாகச் சொன்னால் மாட்டுக்கறி, ஆட்டுக்கறிதான் நினைவுக்கு வரும். கோழி ‘ஆயாம்’. மீன் ‘இக்கான்’. ஒவ்வொன்றும் தனித்தனி ஜாதி. கறி வேண்டாம் என்ற அம்மாளுக்குக் கோழி போட்டுக் கொடுத்ததில் அவருக்கு ஒரு திருப்தி. அன்றைக்கு நான் பட்டினி.

அதனால் சைவக்காரர்கள் ‘வெஜிடேரியன்’ என்ற சொல்லை நம்பவே கூடாது. வேண்டாததை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி மறுக்கவேண்டும். முக்கியமாக ‘தெராசி’. புளிக்கவைத்த இறால் விழுது. நாம் பெருங்காயம் போடுகிற மாதிரி ஒரு கிள்ளுதான் போடுவார்கள், ஆனால் எதில் இருக்கும் என்று சொல்ல முடியாது. சட்னி மாதிரி இருக்கும் ‘சம்பால்’ பாதிக்கு மேல் அது சேர்ந்ததுதான். கிழக்கு ஜாவாப் பக்கம் போனால் ‘பெத்திஸ்’ என்று இன்னொன்று, கன்னங்கரேலென்று இறால் கரைசல். ‘தன்பா தெராசி, தன்பா பெத்திஸ்’ – இவை இல்லாமல் என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். மேலே தூவும் பொரித்த அப்பளம் ‘கெருப்புக்’. அதிலும் இறால் கலந்தது உண்டு. கேட்டு வாங்குங்கள்.

இவ்வளவு வடிகட்டின பிறகு என்ன மிஞ்சும் என்றால், நிறையவே மிஞ்சும். அவித்த காய்கறிமேல் கடலை விழுது போட்ட காடோ-காடோ. சோற்றுக்கட்டி, பொரித்த தாஹு (சோயாப் பன்னீர்), அரிசிச் சேமியா, முளைப்பயறு சேர்த்த கெத்தோப்ராக். காய்கறிமேல் தேங்காய்த் துருவல் பிசைந்த உராப். உராப்பில் தெராசி கலக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு ஒரு வாய் வைத்தால் கூட்டுப் பொரியல் ஞாபகம் வரும், கண் கலங்கும்.

காடோ-காடோ என்பது வேர்க்கடலைச் சட்னி ஊற்றிய அவித்த காய்தானே? அதற்கு ஒரு கட்டுரையா?
– இல்லத்தரசி, சேலம்

ஓட்டலில் தின்றால் அதுதான். சட்னியை முன்கூட்டியே காய்ச்சி வைத்து மேலே ஊற்றுவார்கள். என் சந்தில் அப்படி இல்லை.

வண்டி நடுவில் தாம்பாளம் அகலத்துக்கு ஒரு கல் சட்டி இருக்கும். கரும்பாறைக் கல், ஓரத்தில் கொஞ்சம் குழிந்திருக்கும். ‘சோபெக்’ என்று பேர். அதில் அரைக்கிற குழவி நம் அம்மிக் குழவி மாதிரி உருளை இல்லை. பிடி வளைந்து, சிறு பிள்ளையின் முழங்கை மாதிரி இருக்கும். அதை உருட்டுவதில்லை, இடிப்பதும் இல்லை. மணிக்கட்டைச் சாய்த்துச் சாய்த்துத் தேய்க்கவேண்டும். ஒரே ஒரு நாள் வண்டிக்காரப் பெண்மணி என்னை அரைத்துப் பார்க்கச் சொன்னாள். அம்மியில் அரைத்த கை என்று திமிரோடு பிடித்தேன். கடலை நாலாபுறமும் தெறித்ததுதான் மிச்சம்.

நாம் போய் நின்றதும் அவள் கேட்கிற முதல் கேள்வி: ‘சாபேன்யா பெராப்பா, பூ?’ மிளகாய் எத்தனை, அம்மா? ‘இபு’ என்றால் அம்மா. வாய்வழக்கில் சுருங்கி ‘பு’ ஆகும், கூப்பிடும்போது நீளும். வந்த புதிதில் இவள் ஏன் நம்மைப் பூ என்கிறாள் என்று உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. உண்மை தெரிந்த பிறகும் அந்தக் குளிர்ச்சி முழுக்கப் போகவில்லை.

நாம் எண் சொன்ன பிறகுதான் அரைக்க ஆரம்பிப்பாள். பூண்டு, உப்பு, நாம் சொன்ன மிளகாய். அப்புறம் பனைவெல்லம் ஒரு துண்டு சீவிப் போடுவாள், கறுப்பும் சிவப்புமாக, தென்னை, பனை இரண்டிலும் காய்ச்சுவது. அது மசிந்ததும் வறுத்த வேர்க்கடலை ஒரு கை. அதையும் மசித்துப் புளித்தண்ணீர் விட்டுத் தளர்த்துவாள். கடைசியில் சின்ன எலுமிச்சை ஒன்றின் சாறு. அதை வேறு பாத்திரத்துக்கு மாற்றுவதே இல்லை. அதே கல்லில் காய்களை எடுத்துப் போட்டுப் பிரட்டுவாள். வள்ளைக்கீரை (இலங்கையில் கங்குன் என்பார்களே, இங்கே காங்குங்), முட்டைகோஸ், முளைப்பயறு, காராமணிக்காய், சௌசௌ. பிறகு தாஹு, தெம்பே, வாழையிலையில் சுருட்டி அவித்த ‘லொந்தோங்’ சோற்றுக்கட்டி வில்லைகள். பிரட்டி முடித்துத் தட்டில் சரித்து, மேலே பொரித்த சின்ன வெங்காயமும் ‘எம்பிங்’கும். எம்பிங் என்பது மெலிஞ்சோ என்ற மரத்தின் விதையைச் சூடாக இருக்கும்போதே தட்டித் தட்டையாக்கி, காயவைத்துப் பொரிப்பது. லேசான கசப்பு. விழுதின் இனிப்புக்கு அந்தக் கசப்பு இல்லாவிட்டால் நான் சாப்பிடமாட்டேன்.

அடுத்த ஆளுக்குக் கல்லை வழித்துத் துடைத்துவிட்டு மறுபடி பூண்டிலிருந்து தொடங்குவாள். எனக்கு முன்னால் ஆறு பேர் நின்றால் ஆறு தடவை அரைப்பாள். சட்னிதானே என்றீர்கள். ஒரு ஆளுக்கென்று, அவர் நாக்குக்கென்று, கண்ணெதிரே அரைத்த சட்னி கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்? நான் பாட்டி இருந்தபோது சாப்பிட்டது.

சுந்தானியர்கள், அதாவது மேற்கு ஜாவாக்காரர்கள், இதையே பச்சைக் காயில் செய்வார்கள். ‘காரெடோக்’. அதில் கட்டாயம் ‘கென்சூர்’ கிழங்கு சேரும். நாட்டு மருந்துக்கடையில் கச்சோலம் என்று கேட்டால் தருவார்களே, அதேதான். முதல் தடவை வாயில் வைத்தபோது குழந்தைக்கு உரை மருந்து உரசின கல்லை நக்கினது போல இருந்தது. இப்போது அது இல்லாமல் முடியவில்லை.

புளிக்கு இங்கே ‘ஆசாம் ஜாவா’ என்று பெயர், ஜாவாப் புளிப்பு. அரபிக்காரர் அதை இந்தியப் பேரீச்சை என்றார்கள். மரம் பிறந்ததோ ஆப்பிரிக்காவில்! ஆளாளுக்கு உரிமை கொண்டாடுகிறோம்.

சுத்தம் எப்படி? வயிறு தாங்குமா?
– மருந்தாளுநர், மதுரை

ஊருக்கு வந்த முதல் வாரத்தில் தாங்காது. வண்டிக்கடையில் தட்டு கழுவ இரண்டே வாளிதான் இருக்கும், ஒன்று சோப்பு, ஒன்று அலச. மதியம் 1 மணிக்கு அலசுகிற வாளியைப் பார்த்தால் பசி போய்விடும். அதனால் நான் 12 மணிக்கே போய்விடுவேன். இல்லாவிட்டால் தென்னை ஈர்க்கில் பின்னிய தட்டுமேல் பழுப்புக் காகிதம் விரித்துப் பரிமாறும் வண்டியாகப் பார்ப்பேன். காகிதத்தைச் சுருட்டி எறிந்தால் கழுவுகிற வேலையே இல்லை.

பானத்தில் ஐஸ் போடும்போது பாருங்கள். நடுவில் ஓட்டையுள்ள உருளை ஐஸ் என்றால் குடிப்பதற்கென்று தொழிற்சாலையில் செய்தது. பெரிய பாளத்தை உடைத்த துண்டென்றால் மீனைக் குளிரவைக்கிற ரகமாக இருக்கலாம். ‘தன்பா ஏஸ்’ என்று சொல்லிவிடுங்கள். இன்னொன்று: கூட்டமுள்ள வண்டியில் நில்லுங்கள். காய் அவித்து நேரமாகியிருக்காது. இதெல்லாம் பார்த்தும் வருஷத்துக்கு ஒரு தடவை நானும் இரண்டு நாள் ரசம் சாதத்தில் கிடந்திருக்கிறேன்.

இந்த வண்டிக்காரர்கள் எல்லாம் ஜகார்த்தாக்காரர்களா?
– பேருந்து நடத்துனர், திண்டுக்கல்

நல்ல கேள்வி. பெரும்பாலும் வெளியூர். நம்மூரில் டீக்கடை என்றால் சேட்டன் என்கிற மாதிரி இங்கே ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு ஊர் உண்டு. மாட்டுக்கறி உருண்டை ‘பக்சோ’ என்றால் வொனோகிரி, சோலோ, மாலாங் ஆட்கள். ‘சாத்தே’ என்று கரியடுப்பில் குச்சிக் கறி வாட்டுகிறவர் அநேகமாக மதுராத் தீவுக்காரர். ஆமாம், மதுரா. உங்கள் பக்கத்து ஊர்ப் பெயர் மாதிரியே இருக்கும். ‘சோத்தோ’ சாற்றில் இறால் அப்பளமும் பூண்டும் பொடித்துத் தூவினால் அவர் லாமோங்கான். பாசிப்பயறைத் தேங்காய்ப்பாலும் வெல்லமும் விட்டுக் காய்ச்சிக் கஞ்சியாகக் கொடுக்கிறவர் மேற்கு ஜாவாவின் குனிங்கான் ஊர். அது நம் பயத்தம் பாயசமேதான், இஞ்சி மட்டும் கூடுதல். நான் அதை ஏகாதசிப் பலகாரமாக வைத்துக்கொண்டிருக்கிறேன். பெருமாள் மன்னிப்பார்.

எல்லாரையும்விட எனக்குப் பிடித்தவர்கள் தெகால் ஊர்க்காரர்கள். அவர்கள் கடைக்கு ‘வாருங் தெகால்’ என்று பெயர், சுருக்கினால் ‘வார்தெக்’. நீலமோ பச்சையோ அடித்த சின்ன அறை. கண்ணாடிப் பெட்டிக்குள் பதினைந்து இருபது தட்டுகள், எதிரே நீள பெஞ்சு. நாம் பேசவே வேண்டாம். விரலைக் காட்டினால் போதும், சோற்றுமேல் ஒவ்வொன்றாக விழும். வெல்லமும் சோயாவும் சேர்த்து வறட்டிய தெம்பே, கத்தரிக்காய், காராமணிப் பொரியல். மூட்டை தூக்குகிறவரும் வங்கி மேலாளரும் அதே பெஞ்சில் முழங்கை இடிக்க உட்கார்ந்திருப்பார்கள்.

பல வார்தெக்குகளில் ஒரு ஏற்பாடு உண்டு. கடை ஒன்று, குடும்பம் இரண்டு. சில மாதம் அண்ணன் குடும்பம் கடையைப் பார்க்கும், தம்பி குடும்பம் ஊரில் வயலைப் பார்க்கும். அப்புறம் மாற்றிக்கொள்வார்கள். எங்கள் சந்து வார்தெக்கில் ஒரு நாள் திடீரென்று கல்லாவில் வேறு முகம். கத்தரிக்காயிலும் உப்பு வேறு. கடையை விற்றுவிட்டார்களோ என்று பதறிப் போனேன். ‘அக்கா ஊருக்குப் போயிருக்கிறாள், அறுவடை’ என்றாள் புது முகம். சொத்தும் சண்டையும் இல்லாமல் கூட்டுக் குடும்பம் நடத்துவதை நம் ஊர்க்காரர்கள் வந்து பார்க்கவேண்டும் என்று தோன்றியது. பிறகு அந்த அக்காவும் தங்கையும் பேசிக்கொள்வதில்லை என்று பக்கத்து வண்டிக்காரர் சொன்னார். சரி, விடுங்கள்.

ஒரு சாப்பாடு எவ்வளவு ஆகும்?
– கல்லூரி மாணவர், நாகர்கோவில்

காய்கறி வகைக்கு 15,000 முதல் 20,000 ருப்பியா. பயப்படாதீர்கள், நம் காசில் 80 ரூபாயிலிருந்து 100 சொச்சம். லட்சாதிபதியாக நடக்க இந்த ஊரில் சம்பள உயர்வு தேவையில்லை. சில்லறைக் கவலையும் இல்லை. இந்தோனேசிய மத்திய வங்கி 2019 ஆகஸ்ட் 17 அன்று, இவர்களின் சுதந்திர தினத்தில், நாடு முழுவதற்கும் ஒரே க்யூ.ஆர். முறையைக் கொண்டுவந்தது. ‘க்ரிஸ்’ என்பார்கள். கல்லில் அரைக்கிற என் காடோ-காடோ பெண்மணியும் வண்டிக் கம்பத்தில் அதை ஒட்டி வைத்திருக்கிறாள், மேலே எண்ணெய்ப் பிசுக்கோடு.

உங்கள் வீட்டுக்காரரும் சைவமா?
– கேட்டவர் பெயர் போடவேண்டாம் என்றிருக்கிறார், தஞ்சாவூர்

இல்லை. அவரும் பையனும் கட்சி மாறி வெகுநாள் ஆகிறது. பையனுக்கு பக்சோ. எங்கள் குடியிருப்புக்குள் அந்த வண்டி வந்தால் கிண்ணத்தைக் கரண்டியால் தட்டும் ‘டிங் டிங்’ கேட்கும், வீட்டுப்பாடம் அந்தரத்தில் நிற்கும். இங்கே காதால்தான் பசி எடுக்கும். வாணலியைத் தட்டினால் நூடுல்ஸ். நீராவி விசில் இடைவிடாமல் ஊதினால் மூங்கில் குழலில் அவித்த புட்டு. ஆமாம், பெயரும் ‘புத்து’தான், நடுவில் வெல்லம் உருகிக் கிடக்கும். சிறுவயதில் ஜகார்த்தாவில் வளர்ந்த ஒபாமா, 2010 நவம்பரில் இந்தோனேசியப் பல்கலைக்கழகத்தில் பேசியபோது, ‘சாத்தே!’ ‘பாசோ!’ என்று வண்டிக்காரர்கள் கூவியதைச் சொல்லிக் காட்டினார். கூட்டம் ஆர்ப்பரித்தது. எங்கள் வீட்டிலும் ஆர்ப்பரித்தார்கள், தொலைக்காட்சி முன்னால்.

வீட்டுக்காரருக்கு ‘ராவோன்’. சுராபாயா பக்கத்துக் கறிச்சாறு, மை மாதிரி கறுப்பு. அந்தக் கறுப்பு ‘க்ளுவெக்’ என்ற கொட்டையால் வருவது. பச்சையாகத் தின்றால் உயிர் போகும், சயனைடு நஞ்சு உண்டு அதில். வேகவைத்து, சாம்பலில் புதைத்து வாரக்கணக்கில் வைத்து நஞ்சை முறித்தபிறகே சந்தைக்கு வரும். இதை முதன்முதலில் தின்று பார்த்தவர் யார், அவருக்கு அடுத்ததாகத் தின்னத் துணிந்தவர் யார் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. இரண்டாமவர்தான் வீரர்.

தெம்பே தெம்பே என்கிறீர்களே, வீட்டில் செய்யமுடியுமா?
– சுயஉதவிக் குழு உறுப்பினர், ஈரோடு

முடியும். இட்லி மாவு பொங்கவைக்கத் தெரிந்த கைக்கு இது பெரிய வித்தை இல்லை. ஆனால் இட்லிக்குப் புளிக்கவைப்பது ஒரு ரகம், இது வேறு ரகம். இதில் வேலை செய்வது ‘ரைசோபஸ்’ என்ற பூஞ்சை. அதன் விதைத்தூளை ‘ராகி தெம்பே’ என்று விற்பார்கள். நம் ஊர்க் கேழ்வரகோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

சோயாவை இரவு ஊறவைத்து, கசக்கித் தோலை மிதக்கவிட்டு வடித்துவிடவேண்டும். தோல் போகாவிட்டால் பூஞ்சை உள்ளே இறங்காது. பிறகு வேகவைப்பது, மசியக் கூடாது. வடித்துத் துணியில் பரப்பி, மேல் ஈரம் முழுக்கக் காயவிட வேண்டும். இங்கேதான் எல்லாரும் தவறுவார்கள், நானும் மூன்று தடவை தவறினேன். ஈரம் இருந்தால் கொழகொழவென்று கெட்டு நாறும். கை சூடு அளவுக்கு ஆறியதும் தூளைக் கலந்து, வாழையிலையில் தட்டையாக மடித்துக் கட்டி, காற்றுப் போகிற மாதிரி வைக்கவேண்டும். பையில் என்றால் ஊசியால் குத்தித் துளை போடவேண்டும். 30 டிகிரி சூடு போதும், உங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமா? ஒன்றரை நாளில் பொட்டலம் தானாகவே சூடேறும். தொட்டால் காய்ச்சல்கார நெற்றி மாதிரி இருக்கும். இரண்டாம் நாள் பிரித்தால் வெள்ளைப் பஞ்சு பயறுகளைப் பின்னிப் பாளமாக்கியிருக்கும். ஓரத்தில் சாம்பல் நிறப் புள்ளி தெரிந்தால் கெட்டதில்லை, பூஞ்சை முற்றியிருக்கிறது. சிவப்போ பச்சையோ தெரிந்தால் குப்பைக்கு.

வெட்டி, பூண்டும் மல்லிவிதையும் அரைத்த உப்புத் தண்ணீரில் தோய்த்துப் பொரியுங்கள். பக்கத்தில் ஒரு பச்சை மிளகாய், கடித்துக்கொள்ள. இங்கே பஜ்ஜி வண்டிகளில் அப்படித்தான் தருவார்கள், சட்னி கிடையாது.

ஜகார்த்தாவில் தமிழ்ச் சொல் ஏதாவது காதில் விழுமா?
– தமிழாசிரியை, காரைக்கால்

சாப்பாட்டுத் தெருவிலேயே விழும். கடை இங்கே ‘கெடாய்’. சுமத்ராவில் அதிகம். ஜகார்த்தாவில் வாருங் என்பார்கள், இப்போது புதுசாகத் திறக்கிற காப்பிக் கடைகள் ‘கெடாய் கோப்பி’ என்று பெயர் வைத்துக்கொள்கின்றன. மாங்காய் ‘மங்கா’. கறி ‘காரி’. ஆப்பம் ‘ஆப்பெம்’. அரிசி மாவைப் புளிக்கவைத்து அவிப்பது. ஜாவாவில் நோன்பு மாதத்துக்கு முன்னால் இதை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துப் பிழை பொறுக்கக் கேட்பார்கள். மன்னிப்புக்கான அரபுச் சொல்லிலிருந்துதான் ‘ஆப்பெம்’ வந்தது என்று என் அலுவலகத் தோழி அடித்துச் சொல்லுவாள். நான் ஒரு நாள் வீட்டில் ஆப்பம் ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தின்றுவிட்டு, இது நன்றாயிருக்கிறது ஆனால் இது ஆப்பெம் இல்லை, ‘செராபி’ என்றாள். மண் சட்டியில் சுடுகிற தேங்காய்ப்பால் தோசை அது. வாதம் இன்னும் முடியவில்லை.

நோன்பு மாதத்தில் பகலில் திறந்திருக்கும் சில வார்தெக்குகள் வாசலில் துணியைத் தொங்கவிடும். உள்ளே சாப்பிடுகிறவர் முகம் தெரியாது, கீழே கால்கள் மட்டும் வரிசையாகத் தெரியும். அந்தத் துணிக்கு ‘தீராய்’ என்ற சொல்லும் உண்டு. திரைதான், டீச்சர்.

தள்ளுவண்டிக்காரரை ‘காக்கி லீமா’ என்பார்கள், ஐந்து கால். வண்டியின் மூன்று, அவருடைய இரண்டு என்று ஒரு கணக்கு. கடைமுன் ஐந்தடி நடைபாதையிலிருந்து வந்த பெயர் என்று இன்னொரு கணக்கு. சிங்கப்பூர்த் தமிழர் அந்த நடைபாதையை ‘அஞ்சடி’ என்பதைக் கேட்ட பிறகு நான் இரண்டாவது கட்சி.

வடக்கு சுமத்ராவின் மேடான் நகரில் நம்மவர் கதையே வேறு. டெலிப் புகையிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்களின் வழித்தோன்றல்கள் அங்கே இருக்கிறார்கள். 1884இல் எழுந்த மாரியம்மன் கோயிலும் இருக்கிறது. அதற்குத் தனியாக ஒரு இதழ் வேண்டும்.

சாம்பார் ஞாபகம் வருவதே இல்லையா?
– இரண்டு குழந்தைகளின் தாய், சென்னை

வரும். மழை நாளில் வரும். அப்போது ‘சாயூர் ஆசெம்’ வாங்கிக்கொள்வேன். பெயருக்குப் புளிக் காய்ச்சாறு. சௌசௌ, சோளம், காராமணி, பச்சை வேர்க்கடலை எல்லாம் போட்டுப் புளித்தண்ணீரில் வேகவைப்பது. பருப்பு கிடையாது, தாளிப்பு கிடையாது, வெல்லம் தூக்கலாக இருக்கும். தெராசி இல்லாமல் வைக்கிற ஒரு வீட்டம்மாளை நான்கு வருஷம் தேடிக் கண்டுபிடித்தேன். சாம்பார் இல்லை. சாம்பாருக்கு ஒன்றுவிட்ட சித்தி மகள்.

உங்களுக்கு எத்தனை மிளகாய்?
– எட்டாம் வகுப்பு மாணவி, விருதுநகர்

உன் கேள்விதான் கண்ணு, எனக்குப் பிடித்தது.

முதல் தடவை அவள் கேட்டபோது ஏழு என்றேன். தமிழ்நாட்டுக்காரியா கொக்கா! அவள் நிமிர்ந்து பார்த்தாள். ‘ஏழா?’ பக்கத்தில் நின்றவர்களும் பார்த்தார்கள். மரியாதையைக் காப்பாற்றவேண்டுமே, ஏழேதான் என்றேன். இங்கே ‘சாபே ராவிட்’ என்பது சுண்டு விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு, நம் ஊசி மிளகாய்க்கு அக்கா. மூன்றாம் வாயில் காது அடைத்தது. ஐந்தாம் வாயில் அலுவலகமே தெரியவில்லை. அவள் தண்ணீர் கொடுக்கவில்லை, ஒரு கை கெருப்புக் கொடுத்தாள். இறால் இருக்குமே என்று கேட்கிற நிலையில் நான் இல்லை. அன்று நான் என்ன தின்றேன் என்று என் மாமியாருக்குத் தெரியாது, இந்தப் பத்திரிகை அவர் வாங்குவதில்லை.

மறுநாள் ஒன்று என்றேன். இப்போது பல வருஷமாக இரண்டு.

வருஷத்துக்கு ஒரு தடவை, ரம்ஜான் பெருநாளுக்கு இவர்கள் எல்லாரும் சொந்த ஊர் போய்விடுவார்கள். ‘மூடிக்’ என்று பெயர். ஒரு வாரத்துக்கு மேல் சந்து காலி. வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க்கறை வட்டம் மட்டும் கிடக்கும். நான் தயிர்சாதம் கட்டிக்கொண்டு போவேன். அவள் திரும்பி வந்த அன்று வரிசையில் என்னைப் பார்த்ததும் வாயைத் திறக்கவில்லை. குழவியைப் பிடித்த கையிலேயே இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினாள். நான் தலையாட்டினேன்.

ஆனால் மிளகாய் விலை ஏறுகிற வாரம் ஒன்று வரும். கிலோ 1,00,000 ருப்பியாவைத் தாண்டும். அந்த வாரம் மட்டும் அவள் மறுபடி கேட்பாள், என் முகத்தைப் பார்க்காமல், கல்லைத் துடைத்துக்கொண்டே: ‘இன்றைக்கு ஒன்று போதும்தானே, பூ?’

போதும் என்றுதான் சொல்லுவேன்.